கோபுரத்தின் பிள்ளைக்கு ஒரு கறுத்த பொட்டு

அல்டன்மார் நகரத்துச் சதுக்கத்தின் நடுவில் அறுநூறு வருடமாக நின்ற நிலையில் நின்று, அரசர்கள் வந்தபோதும் போனபோதும், ஆறு பெருகியபோதும் வற்றியபோதும், யுத்தத்தில் குண்டு விழுந்து பாதி ஊர் எரிந்தபோதும்கூட நேரம் தவறாமல் மணி அடித்துக்கொண்டிருந்த மணிக்கூட்டுக் கோபுரம், ஒரு சந்தை நாள் காலையில், யாரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், பிள்ளை பெற்றது.

அதை முதலில் கண்டது தவமலர்தான். சதுக்கத்தின் தெற்கு ஓரத்தில், வளைவு வளைவாகக் கல்தூண்கள் போகிற நடைகூடத்துக்குக் கீழே, ரோல்ஸும் வடையும் கொத்துரொட்டியும் விற்கிற சின்னக் கடை அவளுடையது. கடை திறக்க வந்தவள், கோபுரத்தின் அடியில் ஏதோ நிற்கிறதே, குடிகாரர் யாரும் பூச்சாடியை இழுத்து வைத்துவிட்டார்களோ என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் ஒரு கோபுரம். கல் இன்னும் ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. தாய்க்கு இருப்பதுபோலவே கூரான பச்சை ஓட்டுக் கூரை, தாய்க்கு இருப்பதுபோலவே ஒடுங்கி உயர்ந்த ஜன்னல்கள், ஆனால் மணிக்கூட்டு முகத்தில் எண்களும் இல்லை, முள்ளும் முளைக்கவில்லை. தாயின் உச்சியில் செப்புச் சேவல் நின்று காற்றுக்குத் திரும்பும், இதன் உச்சியில் ஒரு செப்புக் குஞ்சு உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. தவமலர் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். முள் நாலு மணியோடு நின்றுபோயிருந்தது, கல்லெல்லாம் வியர்த்துக் கிடந்தது, மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கைத்தொலைபேசியை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கோபுரத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கு."

சிவநேசன் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்று கேட்டார்.

"கோபுரத்திலை அதை என்னண்டப்பா பாக்கிறது? நல்ல வடிவாயிருக்கு. வரேக்கை பழைய கம்பளி ஒண்டு கொண்டாங்கோ, பிள்ளை குளிருக்கை நிக்குது."

கம்பளி வந்து சேர்வதற்குள் ஊரே வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கடை வெதுப்பகத்துக் கெர்டா, மாவு அப்பிய கையோடு ஓடி வந்தவள், "நான் போன மாதமே சொன்னேன், அடிப்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கிறது என்று, யார் கேட்டார்கள்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். மரக்கறி விற்க வந்த கமக்காரர்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தேவாலயத்துப் பாதிரியார், இதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார், மேலிடம் இன்றைக்கு வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நகரசபை மட்டும், அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது: அனுமதி பெறாமல் சதுக்கத்தில் புதுக் கட்டுமானம் எழுப்பியதற்கு விளக்கம் கேட்டுத் தாய்க் கோபுரத்தின் கதவில் அறிவித்தல் ஒட்டியது. தாய் விளக்கம் கொடுக்கவில்லை. அப்படியானால் இது சட்டப்படி கட்டிடமே அல்ல என்று சபை தீர்மானம் எழுதி, பெரிய வேலை முடிந்ததுபோலக் கோப்பி குடிக்கப் போனது. அந்தத் தீர்மானம் பின்னால் எப்படித் திரும்பி வந்து எல்லார் தலையிலும் கல்லைப் போட்டது என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

தாய்க் கோபுரம் களைத்துப் போயிருந்தது. பகலில் தூங்கியது, பத்து மணிக்கு மூன்று அடித்தது, மதியம் பன்னிரண்டுக்கு அரசனும் பிச்சைக்காரனும் மரணமும் பொம்மைகளாக வரிசையில் வெளியே வந்து சுற்றிப் போகிற இடத்தில் பிச்சைக்காரன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். நேரம் தவறுவதைக் கொலைக்கு அடுத்த குற்றமாக நினைக்கிற அல்டன்மார் சனம் முதல் ஒரு கிழமை பதறியது, பிறகு பிள்ளைப்பெத்தவளை யார்தான் குறை சொல்வது என்று பழகிக்கொண்டது, பாடசாலைக்குப் பிந்திப் போனவர்களும் கந்தோருக்குப் பிந்திப் போனவர்களும் கோபுரத்தைக் காட்டித் தப்பித்தார்கள், தமிழ்ச் சனம் எங்கே போனாலும் அரை மணி பிந்தி வருவது முதல்முறையாக அந்த ஊரில் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. தவமலர் தன் பங்குக்குப் பிள்ளைப்பெத்தவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறியை, மிளகும் உள்ளியும் மஞ்சளும் தூக்கலாகப் போட்டு, ஒரு சட்டி நிறையக் காய்ச்சிக் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். மத்தியானம் பார்த்தால் சட்டி காலி. கோபுரம் தின்றதோ கெர்டாவின் நாய் தின்றதோ தெரியாது, இரண்டும் அன்றைக்கு மிகவும் உற்சாகமாக இருந்தன.

சட்டியைக் கண்டு கோபப்பட்டவர் ஒருவரே ஒருவர், வென்ட்லர். பழஞ்சின்னங்கள் பாதுகாப்புக் கந்தோரின் அதிகாரி, குடைக்கம்பி மாதிரி ஆள், நரைத்த மீசை, பழைய நகரத்தில் ஒரு ஜன்னல் சட்டத்தின் நிறம் மாறினாலும் ராத்திரி அவருக்கு நித்திரை வராது. தவமலருக்கும் அவருக்கும் பழைய கணக்கு உண்டு. கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள், கழற்றச் சொன்னார். நிலைக்கதவில் சந்தனம் குங்குமம் வைத்தாள், பதினைந்தாம் நூற்றாண்டு மரம் என்று தன் கையாலேயே துடைத்தார். இருந்தாலும் ஒவ்வொரு வெள்ளியும் வந்து இரண்டு கடலைவடை வாங்குவார், வாங்கி அந்தக் கல்தூண்களில் எண்ணெய்க் கை படாதபடி சதுக்கத்தின் நடுவில் போய் நின்று தின்பார். மனுஷரைவிடக் கல்லை நேசிக்கிறவர் என்று ஊர் சொல்லும், ஆனால் அப்படி நேசிக்கிற ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கல் எல்லாம் எப்போதோ கார்த் தரிப்பிடமாகியிருக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

பிள்ளை வளர்ந்தது. முதலில் சின்ன முள் முளைத்தது, முளைக்கிற நாட்களில் சிணுங்கியது, கரண்டியால் தம்ளரில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தில் மணி அடிக்கப் பழகியது, ஒன்றை அடிக்கத் தெரிந்ததும் நாள் முழுக்க ஒன்றையே அடித்தது. தவமலர் காலையில் கடை திறந்ததும் அதற்கு முகம் துடைத்துவிடுவாள், பின்னேரம் புறா எச்சம் கழுவுவாள், நடுவில் சனம் இல்லாத நேரத்தில் வாங்கில் உட்கார்ந்து அதோடு கதைப்பாள். அவளுடைய பிள்ளைகள் லண்டனில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று, சிட்னியில் ஒன்று. பேரப்பிள்ளைகள் எழும்பி நடந்ததையெல்லாம் அவள் உள்ளங்கை அளவுக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். "ஒண்டாவது என்ரை கண்ணுக்கு முன்னாலை வளரட்டும்" என்று அவள் சொன்னபோது சிவநேசன் கேலி செய்ய வாயைத் திறந்துவிட்டு, பிறகு துணியொன்றை எடுத்துப் பிள்ளையின் ஜன்னல்களைத் துடைக்கத் தொடங்கினார்.

இடுப்பளவு வளர்ந்தபோதுதான் அது கவனத்துக்கு வந்தது. பிள்ளை சாய்ந்து நின்றது.

"பிள்ளையெண்டால் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும், இன்னும் கழுத்து நிக்கேல்லை" என்று தவமலர் சமாளித்துப் பார்த்தாள். ஆனால் அல்டன்மாரில் யாருக்கும் கண் பொட்டையில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ரிட்டல்ஹாம் என்ற ஊர், அந்த ஊரோடு இவர்களுக்குப் பாலத்து வரிக்காகவும் உப்புக்காகவும் சும்மா கோபத்துக்காகவும் ஏழெட்டு யுத்தம் நடந்திருக்கிறது, அங்கே ஒரு சாய்ந்த கோபுரம் இருக்கிறது, முன்னூறு வருடமாக அது அல்டன்மார்ப் பக்கமே சாய்ந்துகொண்டு வருகிறது. அடியில் மணல் இளக்கம் என்று பொறியியலாளர்கள் அத்தனை காலமும் சொல்லி வந்தார்கள். இப்போது மணலின் மேல் பழி போட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கெர்டா கடைக்குக் கடை போய்க் காதோடு காது சொன்னாள், இரண்டு நாளில் அது இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது, மூன்றாம் நாள் ரிட்டல்ஹாம் நகரபிதா பூச்செண்டோடு பாலத்தைக் கடந்து வந்து, பிள்ளையைச் சுற்றிப் பார்த்து, "அப்படியே அப்பன்" என்று கண் கலங்கினார், நாலாம் நாள் வழக்குப் போட்டார்.

தகப்பனுக்கு உரிமை உண்டு என்றார்கள் ரிட்டல்ஹாம் சட்டத்தரணிகள். கட்டிடத்தை எப்படி ஐயா கொண்டுபோவது என்றார்கள் அல்டன்மார்ச் சட்டத்தரணிகள். ரிட்டல்ஹாம்காரர்கள் சிரித்துக்கொண்டே நகரசபையின் தீர்மானத்தை எடுத்து மேசையில் போட்டார்கள்: இது கட்டிடமே அல்ல. கட்டிடம் இல்லாவிட்டால் தூக்கிச் செல்லக்கூடிய பொருள், தூக்கிச் செல்லக்கூடிய பொருளைத் தகப்பன் வீட்டார் தூக்கிச் செல்லலாம் என்று தீர்ப்பானது. கோடை முடியும் முன்பே, பாரந்தூக்கி பூட்டிய ஒரு பெரிய தட்டைப் படகு ஆற்றங்கரையில் வந்து கட்டி நின்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏற்றுவதாக அறிவித்தார்கள். நகரசபை உறுப்பினர்கள் தெருவில் தலையைக் காட்டவில்லை.

போகப் போகிற பிள்ளையைப் பார்க்க உலகமே திரண்டு வந்தது. பேருந்து பேருந்தாக வந்து இறங்கி, வாயைப் பிளந்து, எத்தனை பாஷை உண்டோ அத்தனை பாஷையிலும் "என்ன அழகு, என்ன அழகு" என்றது சனம். புதன்கிழமை பிள்ளைக்குச் சுகமில்லாமல் போயிற்று. முள் பின்பக்கமாகச் சுற்றியது, மணி தொண்டை கட்டினதுபோல ஒலித்தது, இடது பக்கத்துக் கல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, செப்புக் குஞ்சு தலையைச் செட்டைக்குள் வைத்துக்கொண்டது. தாய் மணி அடிப்பதையே விட்டுவிட்டது.

"இது கண்ணூறு" என்றாள் தவமலர்.

"பேசாமல் இரு, மலர்" என்றார் சிவநேசன். "உனக்கு விசர். உது பழைய நகரம். ஒரு ஆணி அடிச்சாலே கடையைப் பூட்டிப் போடுவாங்கள்."

"நாலு பேர் கண் வைச்சால் மனுசப்பிள்ளையே வாடுது. இதிலை நாலாயிரம் பேர் கண் வைக்கினம். பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ?"

கடை அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துச் சவ்வரிசியைக் கொட்டி, அது பொரிந்து கருகிக் கரிப்பாகாக உருகும்வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சிரட்டையில் வழித்து எடுத்தாள். புகை சதுக்கம் முழுக்கப் போயிற்று. பிள்ளைப் பொட்டு காய்ச்சுகிற வாசம் தெரிந்த தமிழ்ச் சனம் நாலு தெரு தள்ளி நின்றுகொண்டே "ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டது. பட்டப்பகலில், அதற்குள் அவள் தலையைத் தாண்டி வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு, கெர்டா ஏணியைப் பிடிக்க, அத்தனை சுற்றுலாக்காரரும் படம் பிடிக்க, மணிக்கூட்டு முகத்தின் இடது கன்னத்தில், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ் அளவில், கன்னங்கரேலென்று ஒரு பொட்டு வைத்தாள். பார்க்க வந்தவர்கள் அதன் பிறகு "அது என்ன கறுப்பு?" என்று கேட்டார்களே தவிர "என்ன அழகு" என்று சொல்ல மறந்துபோனார்கள். அடுத்த நாள் முள் முன்பக்கமாகச் சுற்றியது. இரவு பெய்த மழையில் சூடு தணிந்திருக்கும் என்றும் சொல்லலாம், சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

வென்ட்லர் வந்தார். பொட்டைப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தார், சோப்புப் போட்டுத் துடைத்தார், சவ்வரிசிப் பொட்டாவது போவதாவது. அந்த ஆத்திரத்தில் கந்தோருக்குப் போய், தலைகால் தெரியாமல், பழஞ்சின்னம் ஒன்றுக்குச் சேதம் விளைவித்ததாகத் தவமலர் மேல் வழக்கு எழுதிவிட்டார். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஒன்றுதான், பழைய நகரத்தின் எல்லைக்குள் இனி அவள் கடை வைத்திருக்க முடியாது. அவசர வழக்கு என்பதால் வெள்ளிக்கிழமையே எடுத்தார்கள்.

நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. நீதிபதி வெள்ளைத் தலை அம்மையார் ஒருவர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "சேதமான பழஞ்சின்னம் எது?" என்று கேட்டார்.

"சதுக்கத்தின் சின்னக் கோபுரம், கனம் நீதிபதி அவர்களே" என்றார் வென்ட்லர்.

பார்வையாளர் வாங்கிலிருந்து ரிட்டல்ஹாம் சட்டத்தரணி துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன்! அது பழஞ்சின்னம் அல்ல, பொருள். ஞாயிற்றுக்கிழமை ஏற்றுகிறோம். பழஞ்சின்னம் என்றால் அதை ஒரு விரற்கடை கூட நகர்த்த முடியாதே!"

தவமலருக்காக நகரம் கொடுத்திருந்த சட்டத்தரணிப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல். "நன்றி ஐயா. பழஞ்சின்னம் இல்லையென்றால் குற்றமும் இல்லை. நாங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி, தவமலரின் கையைத் தட்டி, "ஒன்றும் பேசாதீர்கள், வென்றுவிட்டோம்" என்றாள்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இவள் நிரபராதி என்றால் பிள்ளை போகிறது. பின்வரிசையில் இருந்த சிவநேசனுக்கு அதைவிட ஒன்று கூடுதலாக விளங்கியது, அவருக்குப் பெண்சாதியைத் தெரியும். "மலர், வாயைத் திறவாதை!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அந்தக் கடையில் தவமலர் நின்ற வருடங்கள் கொஞ்சமல்ல, அதன் அடுப்புக்குப் பக்கத்தில்தான் மூன்று பிள்ளைகளும் படித்து ஆளானார்கள். அவள் எழும்பினாள். எந்தப் பாஷையில் கதைத்தாலும் அவள் வாயிலிருந்து அது யாழ்ப்பாணத்துக் கதையாகத்தான் வெளியே வரும்.

"அம்மா, நான் குற்றவாளிதான். பொட்டு வைச்சது நான்தான். பழஞ்சின்னமெண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். தாய் பழஞ்சின்னமெண்டால் பிள்ளை மட்டும் என்னண்டு சாமானாகும்? திரும்பவும் கண்ணூறு பட்டால் திரும்பவும் வைப்பன். வடிவா எழுதிக்கொள்ளுங்கோ."

"என் கட்சிக்காரருக்கு உடல்நிலை சரியில்லை!" என்றாள் சட்டத்தரணிப் பெண்.

"எனக்கொரு வருத்தமுமில்லை, நீங்கள் இருங்கோ பிள்ளை."

அப்போதுதான் வென்ட்லருக்குத் தான் ஆத்திரத்தில் என்ன எழுதினோம் என்பது உறைத்தது. காது இரண்டும் சிவந்தன. தன் வாழ்நாளில் அதுவரை குரல் உயர்த்தாத மனுஷன் மேசையில் குத்திப் பேசத் தொடங்கினார். பிறந்தது இந்த வருடம், ஆனால் கல் அறுநூறு வருடத்துக் கல் என்றார். பெரிய கோபுரத்தின் அடியில் அந்தக் காலத்துக் கல்தச்சன் வெட்டிய மீன் அடையாளம் இதன் அடியிலும் நகக்கண் அளவில் இருக்கிறது என்றார். இந்தப் பெண் மிகப் பெரிய குற்றவாளி, இவளைப்போல ஒரு குற்றவாளியை இந்த நகரம் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஓமோம், அப்பிடித்தான், இன்னும் சொல்லுங்கோ" என்று தவமலர் எடுத்துக் கொடுத்தாள். குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவளும் ஒரே பக்கத்தில் நின்று ஒரே மூச்சாய் வாதாட, அவளைக் காப்பாற்ற வந்தவள் மட்டும் ரிட்டல்ஹாம்காரரோடு சேர்ந்து எதிர்த்தரப்பாகிப் போனாள்.

நீதிபதி அம்மையார் கண்ணாடியைத் திரும்ப மேலே ஏற்றினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். சின்னக் கோபுரம் பழஞ்சின்னம். தவமலர் குற்றவாளி.

அந்த நீதிமன்றம் அப்படியொரு ஆரவாரத்தை அதற்கு முன் கேட்டதில்லை. "குற்றவாளி! குற்றவாளி!" என்று சனம் தொப்பிகளை மேலே எறிந்தது, கெர்டா அவளைக் கட்டிப்பிடித்து உடுப்பெல்லாம் மாவாக்கினாள், நகரசபை உறுப்பினர்கள் ஒளித்திருந்த இடங்களிலிருந்து வெளியே வந்து கை குலுக்கினார்கள், வெளியே தாய்க் கோபுரம் பத்து மணிக்கு மிகச் சரியாகப் பத்து அடித்தது. "பெண்சாதி குற்றவாளியெண்டு கைதட்டின முதல் ஆம்பிளை நானாத்தான் இருப்பன்" என்று சிவநேசன் அழுதுகொண்டே சிரித்தார்.

சனிக்கிழமை கடையைக் காலி செய்தார்கள். சட்டிபானையைக் கட்டும்போது தவமலர் அழுதாள், நன்றாக விக்கி விக்கி அழுதாள், செய்ததற்காக இல்லை, கடைக்காக. ரிட்டல்ஹாம் நகரபிதா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, தகப்பன் பக்கத்திலிருந்து எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவளிடம் கேட்டார். ஏன் தன்னிடம் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. "பிள்ளையைப் பாக்க வாறதை ஆர் மறிக்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளிலை வாங்கோ" என்றாள். அவர் மூக்கைச் சிந்திவிட்டு, ஆற்றங்கரையில் ஒரு படகு சும்மா நிற்கிறது, ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆறு பழைய நகரத்தின் எல்லைக்குள் வராது என்றும் கேள்வி என்று இழுத்தார். அந்த ஞாயிறு, பிள்ளையை ஏற்ற வேண்டிய படகில் தவமலரின் அடுப்பு ஏறியது. இப்போது அந்தப் படகுக்கடை காலையில் தாய்க்கரையிலும் பின்னேரம் தகப்பன் கரையிலும் நிற்கிறது, யுத்தம் செய்த இரண்டு ஊரும் ஒரே வரிசையில் நின்று ரோல்ஸ் வாங்குகின்றன, வரிசையில் மட்டும் இன்னும் தள்ளுமுள்ளு உண்டு.

இலையுதிர்கால மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வென்ட்லர் குடையோடு படகில் ஏறினார். வடை கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். பழஞ்சின்னம் எதுவும், பதியப்பட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே பேணப்பட வேண்டும் என்பது சட்டம் என்றார். தீர்ப்பு வந்த அன்றைக்கே, சூட்டோடு சூடாக, தன் கையாலேயே பதிந்தாராம். அன்றைக்கு அதன் இடது கன்னத்தில் பொட்டு இருந்தது. இப்போது மழையில் மங்குகிறது. அதிகாரம் பெற்ற அதிகாரி தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, ஆகவே...

"ஆகவே?" என்றாள் தவமலர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சவ்வரிசியை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்?"

அவளே காய்ச்சிக் கொடுத்தாள். அவர் கையுறை போட்டு, ஏணி வைத்து, நீதிமன்றத்தில் நின்றதைவிடப் பதற்றமாக ஏறினார். பிள்ளை இப்போது அவரைவிட உயரம். கீழே கெர்டாவும் சிவநேசனும் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தவமலர் கழுத்தை நிமிர்த்தி, "கொஞ்சம் கீழை, வென்ட்லர் ஐயா. இன்னும் இடப்பக்கம். அங்கைதான்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அவர் சுட்டுவிரலைச் சிரட்டையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டமாக வைத்தார். வைத்துவிட்டு இறங்கவில்லை. திரும்பிச் சதுக்கத்தைப் பார்த்தார். மழையிலும் பேருந்துகள் வந்து நின்றன, குடைகள் விரிந்தன, இறங்கினவர்கள் எல்லாரும் அண்ணாந்து பிள்ளையையே பார்த்தார்கள்.

வென்ட்லர் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "திருமதி தவமலர், கொஞ்சம் பெரிதாக வைக்கட்டுமா?"